மிளகா பிரைஸ் வாங்கப் போன கதை

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் என்னிடம் பேசியதில் பாதி நாயைப் பற்றியது, மீதி எலியைப் பற்றியது. புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று என் அம்மா சொல்லி அனுப்பினாள். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. அவர் பேர் சூசை. பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஓர் அரிசிக் கிட்டங்கியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தார். என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான் "கம்பெனி வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அவரோ, கேட்பது கோயில் சுவாமியாராகவே இருந்தாலும், "எலிநாய் வளக்கிறேன் சாமி" என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொல்வார்.

அவரிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் அதுதான். வாயில் பொய் வராது. என் தங்கை ரீத்தாவைப் பெண் பார்க்கக் கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்திருந்தார்கள். வயது கேட்டால் இருபத்திரண்டு என்று சொல்ல வேண்டும் என வீடு முழுக்கப் பேசி வைத்திருந்தோம். கேட்டவர்கள் எங்களை விட்டுவிட்டு இவரைக் கேட்டார்கள். "வர்ற மாசம் இருபத்தாறு முடியுது" என்றார். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். ரீத்தா அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. நான் பத்து நாள் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரங்கூனிலிருந்தும் சயாமிலிருந்தும் வரும் மூட்டைகளைக் கிட்டங்கியில் கூரைவரை அடுக்கியிருப்பார்கள். அரிசிக்கு எலி வரும், எலியால் கொள்ளைநோய் வரும் என்று முனிசிபாலிட்டி பயந்துகொண்டிருந்த காலம். எப்போதோ ஒரு கப்பல் இஞ்சினியர் விட்டுவிட்டுப் போன குட்டை நாய் ஒன்றிலிருந்து ஆரம்பித்து, எது குரைக்காமல் எலிமேல் பாய்கிறதோ அதை மட்டும் இனம் சேர்த்து, நான்கு தலைமுறை நாய்களை உண்டாக்கியிருந்தார் இவர். காது நிற்கிறதா, கால் நேராக இருக்கிறதா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. காலையில் ஆட்கள் ஒரு வரிசை மூட்டையை இழுப்பார்கள். இவர் பிரம்பால் சுவரில் ஒரு தட்டுத் தட்டினால் நாய்கள் அசையாமல் நிற்கும். இரண்டு தட்டுத் தட்டினால் பாயும். ஒரு கடி, ஒரு உதறல், அடுத்த எலி. செத்ததைத் தின்னாமல் மண்ணெண்ணெய் டின் பக்கத்தில் கொண்டுவந்து போடும். இதையெல்லாம் நான் நேரில் பார்த்ததில்லை. சோறு சாப்பிடும்போது அவர் சொல்லக் கேட்டேன். சரியாகச் சோறு சாப்பிடும்போதுதான் சொல்வார்.

அந்த நாய்களில் மூத்தது மிளகா. வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றிச் செம்பட்டை. ஒரு பெரிய பூசணிக்காயின் எடைகூட இருக்காது. இடது காதின் பின்பக்கத்தை எலி கிழித்து, ஆறிய இடத்தில் முடி முளைக்காமல் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பாக இருக்கும். முன்பல் இரண்டு உடைந்தது. அதற்கு ஏழு வயது, அது போட்ட குட்டிகள் மூன்றும் கிட்டங்கியிலேயே வேலைக்கு நின்றன. அரிசி வியாபாரி சிக்கந்தர் ராவுத்தரின் மூட்டைகள்தான் அங்கே அதிகம். அவர் நாயைத் தொடமாட்டார். பத்தடி தள்ளி நின்று, "எனக்கு இதத் தொட ஆகாது சூசை, ஆனா என் அரிசிக்கு இதான் காவல்" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில் கம்பெனிக்குப் புதுத் துரை வந்தார். முதல் நாளே கிட்டங்கியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தத் தெருநாய்கள் எல்லாம் எதற்கு, சீமையிலிருந்து எலிப்பாஷாணம் வருகிறது, அதை வைத்தால் போதும் என்றாராம். துரையே வீட்டில் இரண்டு டெரியர் வளர்க்கிறவர். சீமையில் எலி பிடிக்க உண்டாக்கின இனம், வம்சப் பத்திரம் உள்ள சாதி நாய்கள். பவுடர் போட்டு மெத்தையில் படுக்கும். கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேதநாயகம் பக்கத்தில் நின்று துரை சொன்னதைத் தமிழாக்கியிருக்கிறார். என் வீட்டுக்காரர் உடனே, "நம்ம நாயும் அதே சாதிதான்னு சொல்லு. மூதாதை சீமைக் கப்பல்ல வந்தது" என்றாராம்.

துரை சிரித்திருக்கிறார். இன்னும் ஆறு வாரத்தில் டவுன்ஹால் எதிரே பாடாங் திடலில் நாய்க் கண்காட்சி நடக்கிறது, சிங்கப்பூரிலிருந்து ஜட்ஜ் வருகிறார், வேண்டுமானால் கொண்டுவந்து நிறுத்து. மூன்றாவது ரிப்பன் கிடைத்தால்கூட நான்கு நாய்களும் கிட்டங்கியில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் முனிசிபாலிட்டி வண்டிக்கு ஆள் அனுப்புவேன் என்று சொல்லிவிட்டார். முனிசிபாலிட்டி வண்டி என்றால் என்ன என்று அப்போது பினாங்கில் எல்லோருக்கும் தெரியும். அதில் ஏறின நாய் திரும்பி வராது. ஒரு துரை விளையாட்டாகச் சொன்னதை இந்த மனுஷர் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டு, மிளகாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

உடம்பு தேற வேண்டுமாம், அதனால் ஆறு வாரம் அதற்கு வேலை கிடையாதாம். என் வீட்டில் வேலையில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் ஆத்துமா அந்த நாய்தான். எங்கள் மகள் தெரேசாவுக்கு வாங்கிவைத்த முட்டை அதற்குப் போயிற்று. எலும்பு சூப்பு நான்தான் வைத்தேன். எனக்குத் தலைவலி என்று படுத்தால் "ம்" என்கிறவர், நாய் ஒரு தும்மல் போட்டால் எழுந்து உட்காருவார்.

சாயங்காலமானால் ஒத்திகை. முற்றத்தில் பலகையைப் போட்டு மிளகாவை அதன்மேல் ஏற்றுவார். நான் ஜட்ஜ். கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, விறைப்பாக நடந்து வந்து, நாயின் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, நான் நாயின் பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறேன்!

"வெள்ளக்காரன் மாதிரி நட கேத்தரின். இப்படிப் பதுங்கிப் பதுங்கி வந்தா அது உன்னய எலின்னு நெனச்சுக்கும்."

"நெனச்சுக்கிட்டுக் கடிக்கட்டும். அப்பவாவது இந்த வேலைல இருந்து என்னய விடுவீங்களா?"

என்னோடு ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசாதவர் அதனிடம் "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று கத்துவார். அது அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கும். அதற்குத் தெரிந்த பாஷை பிரம்புத் தட்டு ஒன்றுதான் என்று மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிய மூன்று வாரம் பிடித்தது. கடைசியில் கட்டைவிரல் நகத்தால் பலகையில் ஒரு தட்டுத் தட்டினார், அது நின்றது.

கண்காட்சிக்கு மனு எழுத வேதநாயகம் வீட்டுக்கு வந்தார். தகப்பன் பேர், தாய் பேர், பிறந்த இடம் என்று வரிசையாகக் கேட்டிருந்தது. "ஏதாவது ஒரு துரைமார் பேரப் போடுவோம்ணே, யாரு போய்ப் பாக்கப் போறா?" என்றார் அவர். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. தகப்பன்: கப்பல் நாயின் பேரன், பேர் கடுவன். தாய்: வெள்ளாச்சி. பிறந்த இடம்: மூன்றாம் நம்பர் கிட்டங்கி, சாக்குக் குவியல். வால் எப்படிக் குட்டையானது: கிட்டங்கிக் கதவு இடுக்கில் மாட்டி. எல்லாவற்றையும் அப்படியே எழுதச் சொன்னார். வேதநாயகம் என்னைப் பார்த்தார், நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போதே வேதநாயகம் கண்காட்சி விதிகளையும் படித்துச் சொன்னார். எட்டாவது விதி: நாயின் உடம்பில் சாயம், மை, வர்ணம் எதுவும் பூசியிருக்கக்கூடாது, பூசினால் நாயை வெளியே தள்ளிவிடுவார்கள். நான் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "நாய்க்கு எவளாவது மை பூசுவாளா?" என்று கேட்டு, நான்தான் சிரித்தேன். இதை நான் மறைக்கப் போவதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் மிளகாவைச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். ஆமாம், நான்தான். தெரேசாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூவரும் நடந்தோம். ரிக்‌ஷாவில் ஏற்றினால் அழுக்காகிவிடுமாம். ஆறு வார முட்டையும் சூப்பும் அதன் உடம்பில் தெரிந்தன. பினாங்கு ரோட்டில் கடைக்குக் கடை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். காப்பிக் கடைச் சீனர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சிக்கந்தர் ராவுத்தர் எதிரே வந்தவர், வழக்கம்போல் பத்தடி தள்ளி நின்று, அதைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"என்னா சூசை, ராஜாத்தி மாதிரில்ல இருக்கு! துரை நாயெல்லாம் இதுக்கு முன்னால நிக்குமா? பிரைஸ் உனக்குத்தான் லா!"

இத்தனை பேர் கண்ணும் ஒரே நாளில் பட்டால் எந்த உயிர் தாங்கும்? தெரேசா குழந்தையாக இருந்தபோது இப்படி யாராவது புகழ்ந்தால் அன்று ராத்திரி ஜுரம் வரும். திருஷ்டி என்பதெல்லாம் அஞ்ஞானிகளின் பழக்கம் என்று சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னபோது நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவள்தான். என் வீட்டுக்காரருக்கும் அதெல்லாம் கேலி. ஆனால் நாலு நாயின் உயிர் அன்றைக்கு அந்த ஒன்றின்மேல் நின்றது. பாடாங் வாசலில் அவர் சீட்டு வாங்கப் போனார். கயிறு என் கையில். என் கண் மையை விரலால் தொட்டேன். நெற்றியில் வைத்தால் அவர் பார்த்துத் திட்டுவார் என்று, மிளகாவின் இடது காதுக்குப் பின்னால், அந்தக் கிழிந்த தழும்பின்மேல் ஒரு பொட்டு வைத்துக் காதை மூடிவிட்டேன். ஒரு நொடி வேலை. எத்தனை முறை தெரேசாவுக்குச் செய்த வேலை. எட்டாவது விதி என் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

டெரியர் வகைக்கு ஒன்பது நாய்கள் வந்திருந்தன. எட்டும் குரைத்துக்கொண்டிருந்தன. துரையின் நாய் ஒன்று பக்கத்து நாயைக் கண்டு பயந்து மேஜைக்கடியில் புகுந்துகொண்டது. அவருடைய ஆள் இழுத்து இழுத்துப் பார்த்தான். மிளகா மட்டும் சத்தமே இல்லாமல் நின்றது. இவர் நகத்தால் ஒரு தட்டுத் தட்டியதை, திடலைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்ற நான் பார்த்தேன். ஜட்ஜ் வயசான வெள்ளைக்காரர், சிவந்த மூக்கு, கையில் தடி. மிளகாவிடம் வந்ததும் குனிந்தவர் நிமிரவே இல்லை. தோளை அமுக்கினார், விலாவைத் தடவினார், உடைந்த பல்லைப் பார்த்து ஏதோ கேட்டார்.

வேதநாயகம் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார். "வேல செஞ்சு பட்ட காயத்துக்கு மார்க் கொறைக்க மாட்டாராம்ணே! இந்த நாய்ங்கள எதுக்கு உண்டாக்கினாங்களோ அத இது ஒண்ணுதான் செஞ்சிருக்குன்னு சொல்றாரு!"

ஜட்ஜ் எல்லா நாய்களையும் ஒரு முறை நடக்கவிட்டார். பிறகு தடியால் காட்டி மிளகாவை வரிசையின் தலைமாட்டுக்கு வரச் சொன்னார். முதல் இடம். துரையின் நாய் நான்காவதாக நின்றது. எனக்கு வந்த பெருமையை என்ன சொல்ல! பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத சீனத்தியின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜட்ஜ் ரிப்பனைக் கையில் எடுத்துக்கொண்டு, கிழவருக்கு என்ன ஆசையோ, அந்தக் காயங்களை இன்னொரு முறை பார்க்கக் குனிந்தார். இடது காதை மடக்கினார். தழும்பைத் தடவினார். தன் விரலைப் பார்த்தார்.

சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். கறுப்பாக வந்தது. சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே மாறிவிட்டது. துரையும் கிட்டே வந்து பார்த்தார். வேதநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காயத்த மறைக்கச் சாயம் பூசியிருக்காங்களான்னு கேக்குறாருண்ணே. யாரு பூசினதுன்னு கேக்குறாரு."

என் வீட்டுக்காரர் அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு கயிற்றுக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார். என் ஒரு கண்ணில் மை கலைந்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் பார்த்தது ஒரு நொடிதான்.

"நான்தான் பூசினேன்" என்றார்.

"அண்ணே, நீங்களா?"

"நான்தான்னு சொல்லு. தழும்ப மறைக்கப் பூசினேன்னு சொல்லு."

ஊரே பார்க்க அவரையும் மிளகாவையும் வெளியே அனுப்பினார்கள். துரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். யாரோ "ஏமாத்துக்காரன்" என்று தமிழிலேயே சொன்னது என் காதில் விழுந்தது. அவர் கயிற்றைத் தாண்டி என்னிடம் வந்து, "வா, வெயிலா இருக்கு" என்றார்.

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. திருஷ்டிப் பொட்டு என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்தக் கிழவர் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். தழும்புக்கு மார்க் குறைக்க மாட்டேன் என்று அவரே சொல்லியிருந்தாரே! ரீத்தாவின் கல்யாணத்தைக் கெடுத்த உண்மை, வாலைப் பற்றி மனுவில் எழுதிய உண்மை, நாலு நாயைக் காப்பாற்றக்கூடிய அந்த ஒரு இடத்தில் மட்டும் எங்கே போயிற்று? என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்திவிடுவார்கள், வெள்ளைக்காரர்கள் சுற்றி நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று இவர் நினைத்திருக்கிறார். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நான் இருந்திருப்பேன். என்னைக் கேட்டால்தானே!

அன்று சாயங்காலமே கோயிலுக்கு, செய்த பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பெண்கள் வரிசையில் நிற்கும்போது பார்த்தால், ஆண்கள் வரிசையில் அவர் நிற்கிறார். சுவாமியார் யாருக்கு எத்தனை செபம் அபராதமாகப் போட்டார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரே பெஞ்சில் முழங்காலிட்டுச் செபமாலை சொல்லிவிட்டு வந்தோம். அவருடையது என்னுடையதைவிட முன்னால் முடிந்துவிட்டது. அதிலும் எனக்கு எரிச்சல்தான்.

நாய்களை வேறிடம் சேர்க்கத் துரை பத்து நாள் தவணை கொடுத்தார். அதுவும் சிக்கந்தர் ராவுத்தர் போய்ப் பேசியதால். கிட்டங்கியில் பாஷாணம் வைத்தார்கள். எலிகள் மூட்டைக்கடியில் போய்ச் செத்து, கிட்டப் போகமுடியாத நாற்றம் என்று ராவுத்தர் வீட்டு வாசலில் நின்று புலம்பினார். அதற்காகத் துரை நாய்களைத் திரும்பக் கூப்பிட்டுவிடவில்லை. என் வீட்டுக்காரரை மூட்டை தைக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். மிளகா எங்கள் வீட்டோடு தங்கிவிட்டது. குட்டிகளில் இரண்டைச் சிம்பாங் அம்பாட்டில் ஓர் அரிசி மில்லுக்குக் கொடுத்தோம். கடைசிக் குட்டி கடுகை, நிபோங் திபால் ரப்பர் எஸ்டேட்டில் ஸ்டோர் பார்க்கும் அர்ஜுனன் வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

பத்தாவது நாள் காலையில், அக்கரையில் உள்ள பிறைக்குப் போகும் ஃபெர்ரித் துறைக்குப் போனோம். அர்ஜுனன் நல்ல மாதிரியான ஆள். கடுகைத் தூக்கிப் பார்த்து, "அடேயப்பா, என்னா கண்ணு, என்னா நெஞ்சு! நம்ம எஸ்டேட்லயே இப்படி ஒரு நாய் கெடையாதுண்ணே" என்றார். பக்கத்தில் நின்ற ரெண்டு பேரும் வந்து எட்டிப் பார்த்து "நல்ல நாய், நல்ல நாய்" என்றார்கள். ஃபெர்ரி சங்கு ஊதியது. என் வீட்டுக்காரர் கயிற்றை அவர் கையில் கொடுக்கப் போனவர் நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"கேத்தரின், கொஞ்சம் மை குடு."

அந்தக் கண்காட்சிக்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்தது அதுதான் முதல் தடவை. என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"இல்லீங்க. அன்னையில இருந்து நான் மை போடறதில்ல."

அவர் என் முகத்தைக் கிட்டே வந்து பார்த்தார். பத்து நாளாக என் கண் வெறுமையாக இருந்ததை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. துறை வாசல் காப்பிக் கடைக்கு விடுவிடுவென்று போனார். கடைக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, அடுப்பிலிருந்த கெண்டியின் அடியில் கட்டைவிரலைத் தேய்த்துக் கரியை எடுத்து, சுட்டுக்கொண்ட விரலை உதறிக்கொண்டே திரும்பி வந்தார். காதுக்குப் பின்னால் எல்லாம் இல்லை. கடுகின் நெற்றி நடுவில், வெள்ளை முடியின்மேல், எல்லோரும் பார்க்கும்படி பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். பிறகு விரலைத் தன் வெள்ளை வேட்டியில் துடைத்தார். அந்தக் கரி மூன்று சலவைக்கும் போகவில்லை, நானும் அதற்குமேல் தேய்க்கவில்லை.